கத்தி கீறாத திரை

ஒரு போன் கண்ணாடிக்காக இவ்வளவு கோபமா என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. என் கணவர் கேட்டார். கல்லூரிக்குப் போகும் என் மகள் கேட்டாள். பக்கத்துத் தோட்டத்து அக்காகூட வரப்பில் நின்றபடி கேட்டுவிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு துண்டாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததை முதலிலிருந்து முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது கோபம் வரத்தான் செய்யும். அதை மறைக்கப் போவதில்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் போன் எனக்கு எதற்கு என்று புரியும். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் நாற்றுப் பண்ணை. பச்சை நிழல்வலைக்குக் கீழே தக்காளி, மிளகாய், கத்தரி, செண்டுப்பூ என்று குழித்தட்டுகளில் நாற்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். தட்டு நிரப்புவது, விதை போடுவது, தண்ணீர் விடுவது, எந்த நாற்று யாருக்கு எப்போது என்று பார்ப்பது எல்லாம் நான். என் கணவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். நாற்றை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். மற்ற நாட்களில் வெளி வாடகைக்குப் போவார்.

நாற்றை ஏற்றி அனுப்பியதோடு என் வேலை முடிவதில்லை. வாங்கிப் போனவர் நட்ட கையோடு படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார். இலை ஓரம் கருகுது, நுனி சுருளுது, அடியில வெள்ளையா ஒட்டியிருக்கு, என்னக்கா செய்ய? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது தண்ணீர் அதிகமானதால், இது பூச்சி, இது ஒன்றுமில்லை தானாகச் சரியாகும் என்று சொல்வேன். என் வாய்ச்சொல்லை நம்பித்தான் அடுத்த பருவத்துக்கும் என்னிடம் வருகிறார்கள். பழைய போனில் எல்லா இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. செண்டுப்பூ நாற்று நன்றாகப் போன ஒரு பருவத்தில் கையில் நின்ற பணத்தை வைத்துப் புதுப் போன் வாங்கினேன். யாரும் வாங்கித் தரவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வாங்கியது திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சின்னக் கடையில். மகளும் நானும் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போனோம். கடைக்காரர் என் கையைப் பார்த்தார், நகத்துக்குள் கரி போல ஏறியிருந்த தென்னைநார்த் தூளைப் பார்த்தார். "தோட்டத்து வேலையாக்கா? மேல ஒரு கண்ணாடி ஒட்டிருவோம்" என்று சொல்லி, திரையைத் துடைத்து, ஊதி, மேலே ஒரு மெல்லிய கண்ணாடியை வைத்து விரலால் நீவினார். குமிழ் எல்லாம் ஓரத்துக்கு ஓடி மறைந்தது. வீட்டுக்கு வரும்வரை போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பண்ணைக்கு வந்து படம் எடுத்ததும் திரையில் என் தோட்டத்து இலை பச்சையாகவே தெரிந்தது.

அந்த வைகாசியில் எங்கள் ஊர்த் திருவிழா. பழனிப் பக்கம் தொப்பம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். அவர் எனக்கு அண்ணன் முறை, அக்காவை மதினி என்பேன். அண்ணன் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறார். வாரம் ஒருமுறை ஊருக்கு வந்து போவார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மோட்டார் ரிப்பேர், சர்க்கரை வியாதி, வங்கி வட்டி, எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையது. என் கணவர் அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார். சுவரில் சாய்ந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கறி வெந்துகொண்டிருந்தது, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் தர்பூசணி அறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் போன் அங்கே மேசையில் சார்ஜில் கிடந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. ரசச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு நான் வாசற்படி தாண்டியபோது அண்ணன் கையில் என் போன் இருந்தது. மேலே ஒட்டிய கண்ணாடியை நகத்தால் ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். பலாச்சுளையிலிருந்து சவ்வை உரிப்பதுபோல அவ்வளவு சாவதானமாக.

"அண்ணே, அது என் போனு" என்றேன்.

"தெரியுமுங்கம்மா. உங்கள நல்லா ஏமாத்தியிருக்கானுங்க. இந்தக் காலத்துப் போன் கண்ணாடி எல்லாம் சும்மாவா? இதுக்கு மேல இன்னொரு கண்ணாடி எதுக்கு? கடைக்காரன் பொழைக்கறதுக்கு."

"இல்லண்ணே, தோட்டத்துல…"

"செத்த இருங்க. காட்டறேன் பாருங்க."

தர்பூசணி அறுத்த கத்தியை எடுத்தார். துண்டில் துடைத்தார். துடைத்து, என் போன் திரையில் நுனியை வைத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் இழுத்தார். ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் என் பல் கூசியது. யாரோ 'ஐயய்யோ' என்றார்கள். அவர் குறுக்காக இன்னொரு இழுப்பு இழுத்தார். பிறகு வேட்டி நுனியால் திரையைத் துடைத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கீறல் இல்லை. உண்மையிலேயே இல்லை. திரை பளபளவென்று இருந்தது.

முன்னறை முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். பெரிய வித்தை பார்த்ததுபோலச் சிரித்தார். யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். நான் ரசத்தை இறக்கி வைப்பதற்குள் அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது.

"கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லண்ணே" என்றேன்.

"கேட்டா விட்டிருப்பீங்களா?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டால் விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லிச் சிரிக்கவும் முடிந்தது. உரித்த கண்ணாடி மேசையில் தர்பூசணித் தோலுக்கு நடுவில் கிடந்தது. நான் தோலோடு சேர்த்து அதையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினேன். சாமி கும்பிடுகிற நாள், வீட்டுக்கு வந்த பெரிய மனுஷர், கறி பரிமாற வேண்டும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதற்கு இத்தனை காரணம் என்னிடம் இருந்தது.

விருந்தாளிகள் போனபிறகு நாகல் நகர் போய் மறுபடியும் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"எதுக்கு? மாமாதான் கத்திய வச்சே காட்டிட்டாருல்ல" என்றார்.

"எனக்கு மனசு கேக்கல."

"திரும்ப ஒட்டுனா, அடுத்த தடவ வந்து பாத்தா அவரு என்ன நெனப்பாரு? நான் சொன்னத மதிக்கலன்னு நெனைக்க மாட்டாரா?"

என் போனில் நான் என்ன ஒட்டுகிறேன் என்பதில் கோயமுத்தூரில் இருக்கிறவருடைய மதிப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போயே தீருவேன் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஆடிப் பட்டத்து வேலை வந்துவிட்டது. ஆடி என்றால் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. திண்டுக்கல் போய்வர அரை நாள் வேண்டும். அந்த அரை நாள் கிடைக்கவில்லை.

பண்ணையில் நான் சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். போன் அந்தச் சட்டைப் பையில் இருக்கும். தட்டில் நிரப்பும் தென்னைநார்க் கழிவு மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் தூளும் மணலும் கலந்து பறக்கும். பைக்குள் எப்போதும் ஒரு சிட்டிகை மணல் கிடக்கும். போன் அடிக்கும்போது எடுத்து, தூசியை உள்ளங்கையால் ஒரு வழி வழித்துவிட்டுப் பேசுவேன். ஒருநாள் திரையில் முடி கிடப்பதைப் பார்த்து ஊதினேன். போகவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தபோது நகம் இடறியது. அது முடி இல்லை, கீறல்.

அதற்குப் பிறகு ஒன்றையடுத்து ஒன்றாக வந்தது. பெருவிரலால் துடைக்கும் போக்கிலேயே வளைவு வளைவாக. வீட்டுக்குள் பார்த்தால் தெரியாது. வெயிலில் பார்த்தால் வெள்ளைக் கோடாக மின்னும்.

மகளிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"மணல்தாம்மா. மணல் கண்ணாடியவிடக் கெட்டி. கத்தி அப்புடி இல்ல, அது கண்ணாடியவிட மெதுவானது. அதான் கத்தி கீறல, மணல் கீறிடுச்சு."

"அப்ப உங்க மாமா காட்டுனது?"

"அவரு காட்டுனதும் நெசந்தான். கத்தியாலதான காட்டுனாரு."

அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? கையில் எது இருக்கிறது, பையில் எது கிடக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். நான் போனைக் கத்தியோடு வைத்திருப்பதில்லை. நான் மணலில் வேலை செய்கிறவள். என் பிழைப்பில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து, அதை வைத்துச் சோதித்து, எனக்குக் கண்ணாடி தேவையில்லை என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். முன்னறை முழுக்கச் சேர்ந்து சிரித்தது.

இதுவரை நடந்ததோடு நின்றிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே மறந்திருப்பேனோ என்னவோ. நிற்கவில்லை.

செம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் விவசாயி தக்காளி நாற்று வாங்கிப் போயிருந்தார். என்னிடம் முதல்முறை வாங்குகிறவர். பாதியை நட்டுவிட்டு மீதியை நிழலில் வைத்திருந்தார். இலையைப் படம் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு அனுப்பியிருந்தார். நல்ல உச்சி வெயில். நான் வண்டியில் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தட்டு, மறு கையில் போன். பார்த்தேன். இலையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு நெளிந்து போயிருந்தது.

தக்காளி இலைக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போகும் ஒரு சின்னப் புழு உண்டு. அது போன தடம் இலைமேல் வெள்ளைக் கோடாகத் தெரியும். அச்சு அசல் அதேதான். எனக்குப் பதறிவிட்டது. புது ஆள், என் நாற்று, வயல் முழுக்கப் பரவிவிட்டால் என்ன ஆவது? உடனே குரல் பதிவாகப் பேசி அனுப்பினேன். "தம்பி, எலையில வெள்ளையா கோடு ஓடியிருக்கு பாருங்க. உள்ள புழு விழுந்திருக்கு. மிச்சத் தட்ட நடாதீங்க. தனியா ஒதுக்கி வச்சிருங்க."

மறுநாள் காலையில் அவர் மீதித் தட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பண்ணை வாசலில் வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"புழு விழுந்த நாத்த எதுக்குக்கா எனக்குக் குடுத்தீங்க? நீங்களே சொல்லிட்டீங்களே, புழு இருக்குன்னு."

நான் தட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. நான் வளர்த்த நாற்று, எப்படி அனுப்பினேனோ அப்படியே பச்சையாக நின்றது. அவர் போனை வாங்கி அதே படத்தைப் பார்த்தேன். இலை சுத்தமாக இருந்தது. என் போனை எடுத்து வெயிலில் பார்த்தேன். கோடு இருந்தது. படத்தை விரலால் நகர்த்தினேன். இலை நகர்ந்தது. கோடு நகரவில்லை.

"தம்பி, இது என் போன்ல விழுந்த கீறல். உங்க நாத்துல ஒண்ணுமில்ல. நீங்களே பாருங்க" என்று காட்டினேன்.

அவர் பார்த்தார். "நேத்து புழுன்னீங்க, இன்னைக்குக் கீறல்ங்குறீங்க. நான் எதக்கா நம்புறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் அவர் வருவதற்கு முன்பே என் பேச்சைக் காய்கறி விவசாயிகள் இருக்கும் ஒரு குரூப்பில் போட்டுவிட்டிருந்தார். என் குரல், என் நாற்று, என் வாயாலேயே புழு. இதைவிடப் பெரிய சாட்சி வேறு யாருக்கு வேண்டும்? நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிலர் சொல்லக்கூட இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். நாற்றுக்குப் பருவம் தப்பினால் காத்திருக்கத் தெரியாது. நிழல்வலைக்குக் கீழே தட்டுத் தட்டாக நெடுநெடுவென்று வளர்ந்து, தண்டு வெளிறி, சாய்ந்துவிட்டன. நான் உட்கார்ந்து பிடுங்கினேன். பிடுங்கி எருக்குழியில் போட்டேன். விதையாகக் கையில் எடுத்துக் குழிக்கு ஒன்றாகப் போட்டது எல்லாம் கொத்துக் கொத்தாக எருக்குழிக்குப் போனது. அப்போது நான் அண்ணனை மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

திண்டுக்கல்லில் ரிப்பேர் கடைக்குப் போனேன். திரையை மாற்றினால்தான் உண்டு, தேய்த்து எடுக்க வராது என்றார்கள். சொல்வதற்கு முன்னால் அங்கே இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மேல கண்ணாடி ஒட்டாமயா வச்சிருந்தீங்க?" குழந்தைக்குச் சோறு போட மறந்த தாயைக் கேட்பதுபோல. ஒட்டினால் ஏமாளி என்று ஒருவர் சிரிக்கிறார். ஒட்டாவிட்டால் பொறுப்பில்லாதவள் என்று இன்னொருவர் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் என் பிழைப்பு. திரை மாற்றக் கையில் வசதி இல்லாததால் கீறலுக்கு மேலேயே புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தேன். மெல்லிய கோடுகள் மறைந்தன. ஆழமானவை அடியில் அப்படியே தெரிந்தன.

வீட்டில் கணவர், "நீயும் அவசரப்பட்டுச் சொல்லிட்ட" என்றார். நான் அண்ணனுக்கே போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. அச்சச்சோ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"அது நீங்க வெச்சிருக்கற வெதமுங்கம்மா" என்றார். "எம்பட போன் இருக்குது பாருங்க, மேல ஒண்ணும் ஒட்டுல. ஒரு கீறல் கெடையாது. கத்திக்கே விழுகாதது உங்க கைக்கு விழுகுதுன்னா, கைய அல்லோ பாக்கோணும்."

அவர் போன் குளிர்சாதன அறையில் மேசைமேல் கிடக்கிற போன். என் கையைப் பற்றிச் சொல்கிறார். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் அவர்கள் வீட்டில் மாடி எடுத்தார்கள். நிலை வைக்கும் விசேஷத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் வரவில்லை என்றேன். என் கணவர் கெஞ்சினார். மதினி தனியாகக் கூப்பிட்டு, "நீ வராட்டி எனக்கு நல்லாருக்காது" என்றார். மதினிக்காகப் போனேன்.

காலையில் பூசை முடிந்து, பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் கட்டடத்துக்குக் கொட்டிய மணல் குவிந்து கிடந்தது. மதினி கையில் புதுப் போன். வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் அவர் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. எல்லோருக்கும் ஆசையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வந்தார். கையை நீட்டி வாங்கினார். வாங்கியவுடன் மூலையில் நகத்தை வைத்தார்.

"நம்ம பையனையும் ஏமாத்தீட்டானுங்க பாரு" என்று மதினியிடம் சொல்லிவிட்டு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "இப்ப ஒரு வேடிக்கை பாருங்க. ஏனுங்க, யாராச்சும் ஒரு கத்திய எடுங்க."

"வேணாங்க. விடுங்க" என்றார் மதினி. மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் அது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மதினியின் கை, போனை வாங்கிக்கொள்ள நீண்டது நீண்டபடியே நின்றது.

அந்தக் கையைப் பார்த்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஒரு கைப்பிடி மணலை அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, கத்தி வேணாம். சோதிக்கணும்னா இத வச்சுச் சோதிங்க."

"இதென்னமுங்கம்மா?"

"மணல். உங்க வாசல்ல கெடந்ததுதான். போட்டுத் தேச்சுக் காட்டுங்க. மதினி போன்ல இல்ல. உங்க சட்டப் பையில இருக்கே, அதுல."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அட, இவிங்க ஒரு தமாசு."

"தமாசுதான். அன்னைக்கு என் வீட்டுல நீங்க செஞ்சதும் தமாசுதான? கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாதுன்னீங்களே. தேய்ங்க, எல்லாரும் பாக்கட்டும்."

அவர் கை தானாகச் சட்டைப் பையின் மேல் போனது. "எம்பட போன்ல ஆபீஸ் வேலையெல்லாம் இருக்குதுங்கம்மா."

"என் போன்ல என்ன இருந்துச்சுன்னு நெனச்சீங்கண்ணே?"

எனக்குக் குரல் நடுங்கவில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்கே ஆச்சரியம். தக்காளி இலையை, கோட்டை, செம்பட்டித் தம்பியை, எருக்குழியை எல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். மணல் விரலிடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. என் கணவர் "போதும், வா" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

"விசேஷ வீட்டுல வெச்சு இதெல்லாம் எதுக்குங்க" என்று அண்ணன் பொதுவாக யாரிடமோ சொன்னார். எனக்கு அவர் பதில் சொல்லவில்லை. மதினி அவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிடுங்கவில்லை, கேட்கவும் இல்லை. எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது வண்டி ஒட்டன்சத்திரம் தாண்டியதும் என் கணவர் ஆரம்பித்தார். "பெரிய மனுசன நாலு பேர் முன்னாடி அப்புடி நிக்க வச்சுப் பேசலாமா?"

"என்னைய நிக்க வச்சுப் பேசுனப்ப நீங்க சிரிச்சீங்க."

"அது வேற."

"என்ன வேற? சொல்லுங்க."

கியரை மாற்றினார். வீடு வந்து சேரும்வரை இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தோம். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. சில நாள் அப்படியே போனது.

பிறகு ஒருநாள், நான் கேட்காமலே, புதுத் தக்காளி நாற்றைச் சில தட்டு ஏற்றிக்கொண்டு அவர் செம்பட்டிக்குப் போய்வந்தார். முன்பு நட்ட பாதி நன்றாக வந்து, பூ எடுத்திருக்கிறதாம். அந்தத் தம்பி வயலைச் சுற்றிக் காட்டினாராம், காபி கொடுத்தாராம். "அவ சொன்னது நெசந்தான்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். "குரூப்புல சொல்லச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். சொன்னாராம், அந்தத் தம்பி சரி என்று தலையை ஆட்டினாராம். இதுவரை குரூப்பில் ஒன்றும் வரவில்லை. என் பேச்சு மட்டும் இன்னும் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம்கூட யாரோ ஒரு புது ஆள் போன் செய்து, நீங்கதானே அந்தப் புழு நாற்றுக்காரம்மா என்று கேட்டார்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கத்தியால் இழுக்கும் அந்தப் படம் குடும்பக் குரூப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களாக எடுக்கவும் இல்லை.

மதினி மட்டும் வந்தார். தை பிறந்த பிறகு ஒருநாள், திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நிற்கிறேன், செத்த வாரியா என்று கூப்பிட்டார். போனேன். வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார். என்னை நாகல் நகர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நடுவில் நீளமாக ஒரு கீறல்.

"கத்தியா?" என்றேன்.

"இல்ல. நான் வச்சிருந்ததுதான். பால் கறக்கப் போறப்ப இடுப்புல சொருகுனது" என்றார். போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டே, "நீ போனப்பறம் அன்னைக்கே திரும்ப வாங்கி மேல இருந்தத உரிச்சுட்டாரு. கத்திய மட்டும் வைக்கல" என்றார்.

கடைக்காரர் திரையைத் துடைத்துக்கொண்டே, எந்த மாதிரிக் கண்ணாடி வேண்டும், பளபளப்பா, மங்கலா என்று கேட்டார்.

"எதுவா இருந்தாலும் சரிங்க. யாரும் உரிக்க முடியாத மாதிரி ஒட்டிக் குடுங்க" என்றார் மதினி.

"உரிக்க முடியாதது எதுவும் இல்லம்மா" என்று அவர் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.